மல்லிப்பூ வாசத்துக்குப் பாம்பு வருமா?

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாசலை ஒட்டிக் கிடந்த நாலடி மண்ணில் குண்டுமல்லி வைத்து இரண்டு வருஷம் ஆயிற்று, இந்தச் சித்திரையில்தான் செடி கொள்ளாமல் பூக்கிறது. இப்போது ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். பூ வாசத்துக்குப் பாம்பு வரும், பிள்ளை தவழுகிற வீடு, வெட்டிப் போடு என்கிறார். ராத்திரி அந்த வாசத்தில் அவருக்குத் தலைவலியும் வருகிறதாம். போன வாரம் பக்கத்து வீட்டுப் படியில் உண்மையிலேயே ஒரு பாம்பு கிடந்தது. வெட்ட மனசு வரவில்லை, பிள்ளை விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கவும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
வெட்ட வேண்டாம் தோழி. பாம்புக்குப் பூவால் ஒரு காரியமும் இல்லை. அது நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது காற்றிலும் தரையிலும் உள்ள வாசத்தை எடுத்து மேல்வாயில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொடுக்கத்தான், அதில் தேடுவதெல்லாம் எலி, தவளை, பல்லி, இல்லையென்றால் தன் இணை. ஆனால் மாமியார் சொல்வதைச் சும்மா தள்ளிவிடவும் கூடாது. மல்லி பொழுது சாய்ந்து விரிகிற பூ, அதன் வெள்ளையும் வாசமும் இருட்டில் அந்துப்பூச்சியைக் கூப்பிடுகிறவை. பூச்சி வந்தால் பல்லியும் தவளையும் வரும், வாசல் விளக்கு எரிந்தால் இன்னும் கூடும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரலாம். செடிக்கடி புதராக, ஈரமாக இருந்தால் அங்கேயே தங்கியும் விடும். தாழம்பூவுக்கு இந்தப் பேர் வந்ததும் இப்படித்தான் என்று நினைக்கிறேன், தாழை நீர்க்கரையில் முள் அடர்ந்து கிடக்கிற புதர்தானே.

தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கிளைகளைக் கழித்துவிடுங்கள், சருகும் செங்கல்லும் கிடக்க விடாதீர்கள். அப்புறம் முக்கியமானது: கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடித்த சம்பவங்கள் ஏராளம். கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

பதில் 2:
அக்கா, நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம், மல்லித் தோட்டம். விடியக்காலை மூன்று மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்குவோம். பாம்பைப் பார்த்தது உண்டு, ஆனால் எலி வளை இருக்கிற வரப்போரமாகத்தான்.

தலைவலியை மட்டும் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மல்லி வாசத்தில் இன்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது மலத்திலும் உண்டு, துளியாக இருந்தால் மணம், திரண்டால் சிலருக்குக் குமட்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் பலருக்கு எந்தக் கடுமையான வாசமும் ஆகாது. எங்கள் அம்மாவுக்கு நேர்மாறு, நாள் முழுக்கப் பூக் கட்டிப் பழகி வாசமே தெரியாது, டீக்கடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பினால்தான் குப்பென்று அடிக்கிறது என்பார்.

ஒரு வழி சொல்கிறேன். விரியாத மொட்டுக்கு அவ்வளவு வாசம் கிடையாது. சாயங்காலம் விரியுமுன்னே பறித்துவிடுங்கள், ராத்திரி செடியில் வாசம் வீச ஒன்றும் இருக்காது.

பதில் 3:
வாசம் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் எலி செத்த நாற்றம் என்று பரணைக்கூட இறக்கித் தேடினோம். கடைசியில் பார்த்தால் கொல்லையில் சேனைக்கிழங்கு பூத்திருக்கிறது! அழுகின மாமிசம் மாதிரியே நாறி ஈயையும் வண்டையும் வரவழைக்கிற பூ அது, வாசம் பரவுவதற்காகத் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளவும் செய்யும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம், வண்டுகள் உள்ளே போய்ப் படுத்துக் கிடந்தன. மூன்றாம் நாள் நாற்றம் போய்விட்டது. பிடுங்காமல் விட்டதில் இன்றுவரை எனக்குச் சந்தோஷம்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். மிச்சமிருந்த பூவில் இரண்டு அந்துப்பூச்சி, அடியில் ஒழுகுகிற குழாய்ப் பக்கம் மூன்று தேரை. குழாயை மாற்ற ஆள் சொல்லியாயிற்று. இன்று ஐந்து மணிக்கே மாமியார் மொட்டைப் பறித்துக் கட்ட உட்கார்ந்துவிட்டார், தலை வலிக்கவில்லையாம். ஆனால் நாலைந்து மொட்டு ஊதா நிறமாக இருக்கிறது, பிரித்தால் உள்ளே புழு. நிலக்கோட்டைத் தம்பி, பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்கு என்ன செய்யலாம்?