உராய்வுக் குணகம்: கையால் அளந்து பார்த்தவர்கள் எழுதுங்கள் (வடசென்னை)

ஆய்வக மேசை, தண்டையார்பேட்டை

ஒரு பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசையை, அதுவும் தளமும் ஒன்றையொன்று அழுத்தும் செங்குத்து விசையால் வகுத்தால் கிடைப்பது உராய்வுக் குணகம். பதினொன்றாம் வகுப்பு மரக்கட்டை–கண்ணாடிச் சோதனையில் (கண்ணாடிமேல் கட்டை, அதை இழுக்கும் நூல் கப்பி வழியே எடைத்தட்டுக்குப் போகும்) ஒரே வகுப்புக்குள் 0.2-உம் வரும், 0.5-உம் வரும். கணக்கில் பிழை இருக்காது. கோளாறெல்லாம் மேசையில்தான்.

முதலில் ரசமட்டம் வைத்துக் கண்ணாடியைச் சமப்படுத்துங்கள். கட்டையிலிருந்து கப்பிக்குப் போகும் நூல் கண்ணாடிக்கு இணையாக ஓடவேண்டும். கப்பி உயர்ந்து இருந்தால் நூல் கட்டையைக் கொஞ்சம் தூக்கிவிடும். செங்குத்து விசை குறையும், குணகமும் பொய்யாகக் குறையும். ஓய்நிலை உராய்வு (நகரத் தொடங்கும்வரை பிடிப்பது) வேண்டுமென்றால் மேசையைத் தட்டவே கூடாது. தட்டில் எடைக்கல்லைப் போடாமல் மணலைச் சிறிது சிறிதாகக் கொட்டி, கட்டை நகரும் நொடியில் நிறுத்தி நிறுங்கள். இயக்க உராய்வுக்குத்தான் (நகரும்போது பிடிப்பது) லேசாகத் தட்டிவிட்டு, கட்டை சீரான வேகத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

ஒரே அளவீட்டை வைத்து வகுக்காதீர்கள். உதாரணத்துக்கு, கட்டையும் மேலே வைத்த எடையும் சேர்ந்து 200, 300, 400, 500 கிராம். இழுக்கத் தேவைப்பட்டது 62, 91, 122, 151 கிராம். வரைபடம் போட்டால் சாய்வு (151 − 62) ÷ 300, அதாவது 0.30. இரண்டு பக்கமும் கிராமிலேயே இருப்பதால் 9.8-ஆல் பெருக்க வேண்டியதில்லை. தட்டின் எடையைச் சேர்க்க மறந்தால் கோடு ஆதிப்புள்ளிக்குக் கீழே வெட்டும், ஆனால் சாய்வு கெடாது. கப்பி அச்சு துருப்பிடித்திருந்தால் சாய்வே ஏறிவிடும், வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்காது. கடற்காற்று அடிக்கும் நம் பகுதிப் பள்ளிகளில் இதுதான் முதல் சந்தேகம். கப்பியின் இரு பக்கமும் 100 கிராம் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எத்தனை கிராம் கூட்டினால் நகர்கிறது என்று பாருங்கள். மூன்று கிராமுக்கு மேல் போனால் அச்சை மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

கண்ணாடியில் விரல் படக்கூடாது. ஸ்பிரிட்டால் துடைத்ததும் குணகம் கூடினால் பயப்பட வேண்டாம். எண்ணெய்ப் படலம் போனால் கூடத்தான் செய்யும்.

கேரம் பலகை, வியாசர்பாடி

கப்பி இல்லாதவர்களுக்குச் சாய்தளம் போதும். கோணமானியும் வேண்டாம், டேப் இருந்தால் சரி. கேரம் பலகையின் ஆடுதளம் 74 செ.மீ. ஒரு பக்கச் சட்டத்தை மெதுவாகத் தூக்குங்கள். ஸ்ட்ரைக்கர் தானாக நழுவும்போது அந்த விளிம்பு எத்தனை செ.மீ. உயர்ந்திருக்கிறது என்று அளங்கள். பவுடர் இல்லாமல் 15 செ.மீ., போட்டபின் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், குணகம் 0.21-லிருந்து 0.14-க்கு இறங்கியிருக்கிறது.

இங்கே எல்லோரும் விழுகிற குழி: உயரத்தை 74-ஆல் வகுத்தால் கிடைப்பது சைன். நமக்கு வேண்டியது டேன், அதாவது உயரத்தைக் கிடைமட்ட நீளத்தால் வகுப்பது. சின்னக் கோணத்தில் வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரைக்கருக்குப் பதில் ரப்பர் துண்டை வைத்து 37 செ.மீ. தூக்க வேண்டி வந்தால் சைன் 0.5, டேன் 0.577. மார்க் போயிடும்.

இன்னொன்று, நழுவத் தொடங்கும் கோணம் ஓய்நிலைக் குணகத்தைத்தான் தரும். ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கரை நிறுத்துவது இயக்கக் குணகம், அது இதைவிடக் குறைவு. மழைக்காலத்தில் பவுடர் கட்டிதட்டினால் இரண்டுமே தாறுமாறாகும். பலகைக்கு மேல் தொங்கிய பழைய குண்டு பல்பு வெளிச்சத்தோடு சூடும் தந்தது, எல்.இ.டி. வந்தபின் அந்த வசதி போச்சு.

பிளஸ் ஒன், கொருக்குப்பேட்டை

சார், எல்லாக் கணக்குலயும் மியூவையும் (குணகம்) செங்குத்து விசையையும் பெருக்கித்தான் உராய்வுன்னு போடறேன். சிலதுல தப்புன்னு வருது. ஏன் சார்?

ஆய்வக மேசை, தண்டையார்பேட்டை

தம்பி, அந்தப் பெருக்கல் தருவது ஓய்நிலை உராய்வின் உச்ச வரம்பு. 10 கிலோ பெட்டி, ஓய்நிலைக் குணகம் 0.4 என்றால் வரம்பு 39.2 நியூட்டன். நீ 20 நியூட்டனில் தள்ளினால் உராய்வும் 20 தான், 39.2 இல்லை. 39.2 என்று எழுதினால் பெட்டி உன்னைப் பார்த்துத் திரும்பி வர வேண்டியிருக்கும். முதலில் நகருமா என்று சோதி, அப்புறம் சூத்திரம்.

பாடி கட்டுறவர், மணலி

லாரிக்காரங்களுக்கு இந்த எண்தான் சுமையைக் கட்டுற பெல்ட் கணக்கு. பிரேக் அடிக்கும்போது சுமை முன்னால பாயாம இருக்க, அதன் எடையில 0.8 பங்கு விசையைத் தாங்கணும். சர்வதேச சரக்குக் கட்டு விதிகள்ல இருக்கிற எண் இது. 10 டன் சுமை, தளத்தோட குணகம் 0.3 என்றால் உராய்வு 3 டன்தான் பிடிக்கும். மீதி 5 டன். மேலே போட்டு இறுக்கின ஒரு ராட்செட் பெல்ட் 400 கிலோ இழுவையில இருந்தா, இரண்டு பக்கமும் சேர்த்து 800 கிலோ அழுத்தம். அதுல 0.3 பங்கு, 240 கிலோ. 5000-ஐ 240-ஆல் வகுத்தா 21 பெல்ட்! யாரும் கட்ட மாட்டாங்க.

அடியில ரப்பர் மேட் போட்டு குணகத்தை 0.6 ஆக்குங்க. மீதி 2 டன், ஒரு பெல்ட்டுக்கு 480 கிலோ, அஞ்சு பெல்ட்டுல வேலை முடிஞ்சுது. (பாதுகாப்புக் காரணியைச் சேர்க்கலை, செங்குத்தா இறங்குற பெல்ட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. சாய்வா இறங்கினா பிடி குறையும்.) முன்பக்கம் சுவர் மாதிரி தடுப்பு இருந்தா இன்னும் நல்லது.

தளத்துல மணலோ நிலக்கரித் தூசியோ இருந்தா 0.3-ஐயும் நம்பாதீங்க, தளத்தை விளக்கமாறால கூட்டிட்டு ஏத்துங்க. பள்ளத்துல வண்டி குதிக்கும்போது செங்குத்து விசை ஒரு கணம் விழுது, அந்தக் கணத்துல உராய்வும் இல்லை. சுமை அங்கதான் அங்குலம் அங்குலமா நகரும். பெல்ட் இறுக்கம் தளர்ந்திருக்கான்னு கொஞ்ச தூரம் போய் நிறுத்திப் பார்க்கறது இதுக்குத்தான்.

காசிமேடு

மீன் பெட்டிக்கும் ஒரு கணக்கு. ஐஸோடு 40 கிலோ, தரையோடு குணகம் 0.4. கயிற்றால் 30 பாகை மேல்நோக்கி இழுத்தால் 147 நியூட்டன் போதும். அதே 30 பாகையில் கீழ்நோக்கிக் குனிந்து தள்ளினால் 235. தள்ளும்போது நாமே பெட்டியைத் தரையில் அழுத்துகிறோம். கோணத்தை 22 பாகையாக்கினால் 146. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் கூடும். அந்த 22-இன் டேன்தான் 0.4.

விசைப்படகைக் கரைக் கட்டையில் சுற்றிக் கட்டும் கயிற்றையும் பாருங்கள். குணகம் 0.3 என்றால், நாம் கையில் பிடிக்கும் விசையைப் போல ஒரு சுற்று 6.6 மடங்கு, இரண்டு சுற்று 43 மடங்கு இழுவையைத் தாங்கும். நனைந்து 0.2 ஆனால் அதே 43-க்கு மூன்று சுற்று வேண்டும். கட்டை பருத்ததா மெலிந்ததா என்பது கணக்கில் வராது.

ஆய்வக மேசை, தண்டையார்பேட்டை

கயிற்றுக் கணக்கில் ஒரு சேர்க்கை: அந்த மடங்கு கிடைப்பது 2.718-இன் அடுக்காகக் குணகத்தையும் கயிறு சுற்றிய கோணத்தையும் பெருக்கிப் போட்டால். அந்தக் கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். ஒரு சுற்று 6.28. 0.3 குணகத்தோடு அங்கே 360 போட்டால் கால்குலேட்டர் 47 இலக்க எண்ணைக் காட்டும்.