110-இல் உள்ள ஜாஸ் லூப்பை 84-க்கு இறக்கினால் எதுவும் ஒட்டவில்லை: டவுன்டெம்போ ஆல்பம்

மந்தகதி

மெதுவான, இருண்ட டவுன்டெம்போ ஆல்பம், எட்டு டிராக். பழைய ஜாஸ் தட்டுகளிலிருந்து எடுத்த டபுள் பேஸ், டிரம்ஸ் லூப்தான் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) அடித்தளம். மேலே டிரம் மெஷின் ஹை-ஹாட் (ஜோடிச் சிம்பல்), ரோட்ஸ் (எலக்ட்ரிக் பியானோ), மியூட் (ஓசையை அடக்கும் மூடி) போட்ட ட்ரம்பெட். முதல் டிராக்கின் மூல லூப் 110 பிபிஎம் (நிமிடத்துக்கு 110 பீட்), ஈ மைனர், எட்டாம் சுரத்தில் (எய்த் நோட், அரை பீட்) ஸ்விங், அதாவது பீட்டின் இரண்டாம் பாதி தள்ளி விழும். டைம்-ஸ்ட்ரெச் (சுதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றுவது) செய்யாமல், தட்டை மெதுவாகச் சுழற்றினால் எப்படியோ அப்படி பிட்ச்சோடு சேர்த்து 84-க்கு இறக்கியிருக்கிறேன்.

ரோட்ஸ் சுதி சேரவில்லை. ஹை-ஹாட் வந்ததும் தாளம் இடறுகிறது. கீழே பேஸும் கிக்கும் (பெரிய டிரம்) ஒரே கலங்கல். அடுத்த வாரம் ட்ரம்பெட் பதிவு; அதற்குள் எதைத் திருத்துவது?

கருந்தட்டு

முதலில் சுதி. மற்றதெல்லாம் அப்புறம்.

110-ஐ 84 ஆக்கினால் பிட்ச் 4.67 செமிடோன் (ஒரு செமிடோன் என்பது 100 சென்ட்) இறங்கும். ஈ மைனர் போய் உட்காருவது பி-க்கு 33 சென்ட் மேலே, எந்தக் கட்டையிலும் சேராத இடத்தில். ரோட்ஸை அதற்கு ஏற்ப நகர்த்திவிடலாம், ட்ரம்பெட்டை நகர்த்த முடியாது. ஸ்லைடை இழுத்து ஓரளவு சமாளித்தாலும் வாசிப்பவர் பாட்டு முழுக்க உதட்டால் திருத்திக்கொண்டே இருப்பார். அந்தச் சிரமம் பதிவில் கேட்கும்.

டெம்போவை முதலில் முடிவு செய்யாதீர்கள். எத்தனை செமிடோன் என்று முடிவு செய்யுங்கள், டெம்போ தானாக வரும். 5 இறக்கினால் 110 × 0.749, அதாவது 82.4, பி மைனர். 4 இறக்கினால் 110 × 0.794, அதாவது 87.3, சி மைனர். நான் 4-ஐத்தான் எடுப்பேன். பி-ஃபிளாட் ட்ரம்பெட்காரருக்கு சி மைனர் என்பது அவர் தாளில் டி மைனர், விரலுக்குச் சுலபம். பி மைனர் என்றால் அவருக்கு சி-ஷார்ப் மைனர். வாசிப்பார், ஆனால் சுதந்திரமாக இம்ப்ரொவைஸ் செய்யமாட்டார்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை. மூலத் தட்டு சரியாக 440-இல் (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுதி) இருக்கும் என்று நம்ப வேண்டாம். டேப்பும் டர்ன்டேபிளும் ஆளுக்குக் கொஞ்சம் விலகியிருக்கும். பேஸ் நீளமாகப் பிடிக்கும் சுரம் ஒன்றை ட்யூனரில் காட்டுங்கள். 15 சென்ட் கூடுதலாக இருந்தால் சாம்பிளின் ஃபைன் ட்யூனில் கழியுங்கள். ரோட்ஸ் 440-இலேயே இருக்கட்டும்.

தாளக்கட்டு

இடறலுக்குக் காரணம் அநேகமாக ஸ்விங் குமிழ். பெரும்பாலான டிரம் மெஷின்களில் அது பதினாறாம் சுரத்தைத்தான் (கால் பீட்) தள்ளும். 58% வைத்தாலும் எட்டாம் சுரம் இம்மியும் நகராது. 87.3 பிபிஎம்மில் ஒரு பீட் 687 மில்லிசெகண்ட். உங்கள் ஹாட்டின் எட்டாம் சுரம் 344-இல் விழும். ட்ரிப்லெட் கணக்கில் (பீட்டை மூன்றாகப் பிரித்து) ஸ்விங் செய்யும் ரைடு சிம்பல் 458-இல் விழும். நடுவில் 114 மில்லிசெகண்ட். இடறாமல் என்ன செய்யும்?

ஸ்விங்கை 1/8-க்கு மாற்றுங்கள். சதவீதத்தை ஊகிக்க வேண்டாம். லூப்பைப் பெரிதாக்கி, இரண்டு பாரில் ரைடின் தள்ளி விழும் அடிகளை அளந்து சராசரி எடுங்கள். ட்ரிப்லெட்டின் 66.7%-தான் வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வரும் எண்ணை மெஷினில் வைத்து, ஹாட்டை மட்டும் 8 முதல் 12 மில்லிசெகண்ட் பின்னுக்குத் தள்ளுங்கள். லூப்பை குவான்டைஸ் செய்து கிரிட்டில் உட்கார வைக்கச் சொல்பவர்கள் வருவார்கள். வேண்டாம். டிரம்மரும் பேஸ்காரரும் ஒருவரையொருவர் இழுத்துப் பிடிப்பதுதான் அந்த லூப்பின் உயிர். மெஷின்தான் அவர்கள் பின்னால் போக வேண்டும்.

இன்னொன்று: பிரஷ். ஸ்னேரின் மேல் பிரஷ் வட்டமடிக்கும் ஓசை நிற்காமல் ஓடுவது. ஒரு பாரில் வெட்டி லூப் போட்டால் வெட்டிய இடத்தில் ஓசை சட்டென்று மாறும், ஒவ்வொரு பாரிலும் காது அங்கேயே போய் நிற்கும். நான்கு பாராக எடுத்து, முனையில் 15 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று தணிய மற்றது எழும்படி இணைப்பு) கொடுங்கள். ரைடின் வால் அறுபட்டால் கடைசி அடிக்கு மேல் தனியாக ஒரு சிம்பல் வைத்து மூடிவிடலாம்.

அடிச்சுரம்

கலங்கலுக்கு: டபுள் பேஸின் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். 4 செமிடோன் இறங்கினால் 32.7. சிறிய ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது, கம்ப்ரசரை (ஓசை கூடினால் அடக்கும் கருவி) மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். லூப்பை 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அதே சுரங்களை சைன் அலையில் மோனோவாகப் புதிதாக வாசியுங்கள், சி 65 ஹெர்ட்ஸில் வரும்படி. கிக்கை ஜி-க்கு, 49 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தால் இரண்டும் மோதாது. சைட்செயின் (கிக் விழும்போது பேஸைத் தணிப்பது) 2–3 டிபி போதும். அதற்கு மேல் போனால் ஹவுஸ் மாதிரி பம்ப் ஆகும்.

ரோட்ஸில் மூலச்சுரத்தை விடுங்கள், அது பேஸின் வேலை. சி மைனர் 9-க்கு ஈ-ஃபிளாட், ஜி, பி-ஃபிளாட், டி. மிடில் சி-யைச் சுற்றியே இருங்கள்.

மியூட்டு

ட்ரம்பெட்டை எப்படிப் பதிவு செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஹார்மன் மியூட், நடுவில் உள்ள தண்டைக் கழற்றிவிட்டு. காற்று முழுவதும் மியூட் வழியாகவே போவதால் சுதி கொஞ்சம் ஏறும். ட்யூனிங் ஸ்லைடை மியூட் போட்ட பிறகு பார்க்கச் சொல்லுங்கள், முன்னால் அல்ல. ஓசை மிகச் சிறியது, மைக் 10–15 சென்டிமீட்டரில் வேண்டும். ரிப்பன் மைக் கூச்சலைத் தணிக்கும். ஆனால் 60 டிபி அளவுக்கு கெயின் கேட்கும், அப்போது ஃபேன், ஏசி எல்லாம் உள்ளே வரும். அணைத்துவிட்டுத்தான் பதிவு. 2.5–3.5 கிலோஹெர்ட்ஸில் குத்தும். 3 டிபி குறைத்தால் போதும், அதற்கு மேல் வெட்டினால் மியூட் போட்டதற்கே அர்த்தமில்லை.

எஃபெக்ட் எதையும் பதிவோடு சேர்க்காதீர்கள், ஹெட்ஃபோனில் மட்டும் கொடுங்கள். டிலே புள்ளி வைத்த எட்டாம் சுரத்தில், 87.3-க்கு 515 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் 25%. திரும்பி வரும் ஓசையை 400 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3000-க்கு மேலும் வெட்டுங்கள். ரிவெர்ப் பிளேட், 2.5 செகண்ட், ப்ரீ-டிலே 50 மில்லிசெகண்ட்.

வாசிப்பவருக்கு முழு டிராக்கையும் கேட்கக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பேஸும் ஒரு பேடும் (நீளமாக ஒலிக்கும் பின்னணிக் கோர்வை) போதும். நிரம்பிய டிராக்கைக் கேட்டால் அவர் இடைவெளியை நிரப்பத்தான் பார்ப்பார். நீளமாக நான்கைந்து டேக் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டித் தொகுங்கள். சினிமாடிக் ஆர்கெஸ்ட்ராவின் 'மோஷன்' (1999) ஏறக்குறைய இப்படித்தான்: கலைஞர்களை சாம்பிள்களின் மேல் வாசிக்க வைத்து, அந்தப் பதிவையே ஜேசன் ஸ்வின்ஸ்கோ மறுபடி வெட்டி அடுக்கினார். ட்ரம்பெட்டும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே உடம்பாக இருப்பதற்கு நில்ஸ் பெட்டர் மோல்வாரின் 'க்மேர்' (1997, ஈசிஎம்) கேட்டுப்பாருங்கள்.

மந்தகதி

87.3, சி மைனர் என்று மாற்றியாயிற்று, ரோட்ஸ் உட்கார்ந்துவிட்டது. ஸ்விங் அளந்ததில் 63% வருகிறது. இன்னொரு சந்தேகம்: லூப்பை ஆட்களை வைத்து மறுபடி வாசித்துவிட்டால் உரிமைப் பிரச்சினை தீருமா?

கருந்தட்டு

பாதி தீரும். ஒலிப்பதிவின் உரிமை வேறு, இசையமைப்பின் உரிமை வேறு. மறுபடி வாசித்தால் முதலாவதுக்கு அனுமதி தேவையில்லை. மெட்டு அதுவேயானால் இரண்டாவது அப்படியே நிற்கும். சி மைனரில் நீங்களே புது பேஸ்வரி எழுதி, 110-இல் ஈ மைனரில் வாசிக்க வைத்து, பிறகு 4 செமிடோன் இறக்குங்கள். நேரடியாக 87-இல் வாசித்தால் அந்தக் கனம் வராது. சிம்பலும் பேஸ் மரமும் இறக்கும்போதுதான் பருக்கும். போர்டிஸ்ஹெட் என்ற பிரிட்டிஷ் குழுவினர் தாங்கள் வாசித்ததையே தட்டில் அச்சடித்து, அதிலிருந்து சாம்பிள் எடுத்தவர்கள். தட்டுக்குச் செலவாகும் என்றால் கேசட் டெக்கில் ஒரு முறை ஓட்டி எடுங்கள். ஆனால் டெக்கின் வேகம் சரியாக இருக்காது, திரும்பவும் ட்யூனரைப் பிடிக்க வேண்டிவரும்.