கற்பாதையில் ஹேண்டில்பார் முறுக்குகிறது: ஸ்டீயரிங் டாம்பர் உதவுமா?

கேள்வி:
மலைப்பாதை சைக்கிள் ஓட்டுகிறேன். வேர்களும் உருளைக் கற்களும் நிறைந்த இறக்கத்தில், முன்சக்கரம் மோதும்போதெல்லாம் ஹேண்டில்பார் கையை முறுக்குகிறது. கீழே வருவதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது. ஸ்டீயரிங் டாம்பர் (ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்புவதை எண்ணெயின் தடையால் அடக்கும் கருவி) பொருத்தலாமா?

பதில் 1:
தாராளமாக. இரண்டு ஆண்டுகளாக அதோடுதான் ஓட்டுகிறேன். எண்ணெயின் தடை, திரும்பும் வேகத்தைப் பொறுத்தது. மெல்லத் திருப்பினால் தெரியாது. கல் வெடுக்கென்று திருப்பினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழுவதும் இறுக்கிவிடாதீர்கள்! செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது சமநிலைக்குச் சிறுசிறு திருத்தங்கள் வேண்டும். இறுக்கினால் வண்டி தள்ளாடும். முதல் வாரம் அப்படித்தான் விழுந்தேன்.

பதில் 2:
முதலில் முன் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். ஹெட்செட்டில் (ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் திரும்ப உதவும் பேரிங் பகுதி) ஆட்டம் இருந்தால் டாம்பர் அதைச் சரிசெய்யாது.

கேட்டவர்:
நன்றி. சைக்கிள் நிறுவனமான கேன்யன் 2022இல் கொண்டுவந்த கே.ஐ.எஸ். என்ற ஸ்டீயரிங் அமைப்பு இதுதானா?

பதில் 1:
இல்லை. அதில் இருப்பது ஸ்பிரிங். சக்கரத்தை நடுவுக்கு இழுக்கும். டாம்பர் இழுக்காது, திரும்பும் வேகத்தை மட்டும் அடக்கும்.