34 வாரம்: படுக்கவும் முடியல, கால் வேற இழுக்குது

கேள்வி: கர்ப்பம் 34 வாரம் ஆகுது. எப்படிப் படுத்தாலும் இடுப்பு வலி. நடுராத்திரியில கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்குது. என்ன செய்யலாம் தோழிகளே?

பதில் 1: இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. தலையணை முட்டியில இருந்து கணுக்கால் வரை தாங்கணும். முட்டிக்கு நடுவுல மட்டும் வச்சா பாதம் தொங்கி இடுப்பு திருகிக்கும், பலரும் இதுலதான் தப்பு பண்றாங்க. வயித்துக்கு அடியில மடிச்ச துண்டு. கால் இழுத்தா முட்டியை நீட்டி, பாதத்தை உங்க பக்கமா மடக்குங்க. விரலைக் கீழ்நோக்கி நீட்டினா இன்னும் இறுகும்.

பதில் 2: இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் சேர்த்துப் போடாதீங்கம்மா, 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. கால்சியம் இரும்பை உடம்புல சேர விடாது. டீ, காபியும் அப்படித்தான்.

பதில் 3: ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அது சாதாரண இழுப்பு இல்ல. விடாத தலைவலி, கண் மங்கல், திடீர்னு முகவீக்கம், குழந்தை அசைவு குறையறது, எதுவானாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

பதில் 4: பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற பையை 36 வாரத்துக்குள்ள கட்டிடுங்க. வெயில்ல காயவச்ச பழைய வேட்டித் துணி, ஸ்கேன் ரிப்போர்ட். தமிழ்நாடுன்னா பிக்மி எண்ணும் (கர்ப்பத்தை அரசுல பதிவு பண்ணும்போது தர்ற எண்) வேணும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பாங்க.