தெரிந்த சொற்களை வைத்தே யிட்டிஷ் வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷை வாசிக்கப் பழக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். எனக்கு எபிரேயமும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, டெலிபோன், ரேடியோ, இன்டர்நெட், யுனிவர்சிட்டி என்று பல மொழிகளில் புழங்கும் சொற்களை யிட்டிஷ் செய்திகளில் தேடிப்பிடித்து, அவற்றின் வழியாகவே எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டு வருகிறேன். ஓரளவு கைகூடுகிறது. ஆனால் சில சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்தால் மெய்யொலிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. இந்த வழி எதுவரை கைகொடுக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்

நீங்கள் தேர்ந்தெடுத்த வழி நல்ல வழி. யிட்டிஷ் எபிரேய எழுத்துகளில் வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது என்றாலும், எபிரேயத்தில் பெரும்பாலும் எழுதாமல் விடப்படும் உயிரொலிகளை அது தனி எழுத்துகளாகவே எழுதிவிடுகிறது. எபிரேயத்தில் மெய்யெழுத்தாக இருக்கும் ‘ஆயின்’ என்ற எழுத்து இங்கே ‘எ’ ஒலியைத் தருகிறது. அலெஃப் என்ற எழுத்தின் அடியில் பாசெக் என்ற சிறு கிடைக்கோடு இருந்தால் ‘அ’. கோமெட்ஸ் என்ற குறி இருந்தால் ‘ஒ’.

டெலிபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ், ஆயின், லாமெட், ஆயின், ஃபே, கோமெட்ஸ் அலெஃப், நூன் என்று ஏழு எழுத்துகள்; ஒலிக்கு ஓர் எழுத்தாகக் கூட்டினால் ‘டெலெஃபோன்’ வந்துவிடுகிறது. கடைசி நூன் மட்டும் கீழ்நோக்கி நீண்டிருக்கும், ஏனெனில் சொல்லின் இறுதியில் ஐந்து எழுத்துகளுக்கு வடிவம் மாறுகிறது. இன்டர்நெட் என்ற சொல்லில் முதலில் நிற்கும் அலெஃபுக்கு ஒலியே கிடையாது. சொல் ‘இ’, ‘உ’ ஆகிய ஒலிகளில் தொடங்கும்போது முன்னால் இப்படி ஓர் ஊமை அலெஃப் வந்து நிற்கும். ‘உனிவெர்சிடெட்’ என்ற சொல்லில் இதே அலெஃபையும், ‘வ’ ஒலிக்காக அடுத்தடுத்து எழுதப்படும் வோவ் என்ற எழுத்து இரண்டையும் ஒருசேரக் காணலாம்.

இரண்டாம் பதில்

மேலே சொல்லப்பட்டது ஜெர்மானிய வேர் கொண்ட சொற்களுக்கும் உலகப் பொதுச் சொற்களுக்கும் பொருந்தும். உங்களைத் தடுமாற வைப்பவை எபிரேயத்திலிருந்தும் அரமேயத்திலிருந்தும் வந்த சொற்கள். அவை தங்கள் பழைய எழுத்துக்கூட்டலை விடாமல் வைத்திருக்கின்றன. யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது என்று பொருள்படும் ‘கோஷர்’ நாம் நன்கு கேள்விப்பட்ட சொல்தான், ஆனால் அதில் இருப்பவை கோஃப், ஷின், ரேஷ் என்ற மூன்று மெய்கள் மட்டுமே. உண்மை என்று பொருள்படும் ‘எமெஸ்’ அலெஃப், மெம், சோஃப் என்று எழுதப்படுகிறது.

இவற்றை இனங்காண ஓர் அடையாளம் உண்டு. உலகப் பொதுச் சொற்களில் ‘ட’ ஒலிக்கு டெஸ், ‘ஸ’ ஒலிக்கு ஸாமெக், ‘க’ ஒலிக்கு குஃப் வருகின்றன. டோஃப், சோஃப், கோஃப், ஹெஸ் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் அது எபிரேயக் கூட்டத்தைச் சேர்ந்த சொல் என்று கொண்டு, எழுத்துக் கூட்டாமல் முழு உருவமாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். விவிலியப் பெயர்களை அறிந்தவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் உண்டு: மோசே இங்கே ‘மோய்ஷே’, யாக்கோபு ‘யாங்கெவ்’. யாங்கெவில் வரும் ஆயினை ‘எ’ என்று படித்துவிடக் கூடாது.

சோவியத் ஒன்றியத்தில் அச்சான நூல்கள் இதற்கு விலக்கு. அங்கே இச்சொற்களையும் ஒலிப்படியே எழுதியதால், எமெஸ் என்பதை ஆயின், மெம், ஆயின், ஸாமெக் என்று காண்பீர்கள். தொடக்க நிலையில் இரு முறைகளையும் கலந்து படிப்பது குழப்பத்தையே தரும் என்பது என் கருத்து.

மூன்றாம் பதில்

எதைப் படிப்பது என்பதும் முக்கியம். 1925இல் வில்னாவில் தொடங்கப்பட்டு இப்போது நியூயார்க்கில் இயங்கும் யிவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனம் வகுத்த எழுத்துமுறையில் பாசெக், கோமெட்ஸ் குறிகள் தவறாமல் இடப்படுகின்றன. மரபு வழுவாத ஹசிதிய யூதர்களின் பத்திரிகைகளில் அவை பெரும்பாலும் விடுபட்டிருக்கும் என்பதால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1897இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்ற யிட்டிஷ் செய்தித்தாள் இப்போது இணையத்தில் வருகிறது. தலைப்புகளில் நீங்கள் தேடும் சொற்கள் ஏராளமாகக் கிடைக்கும்.

பழகிய சொல்லின் பொருளையும் ஒருமுறை அகராதியில் சரிபாருங்கள், ஏனெனில் ‘பாங்க்’ வங்கியை மட்டுமன்றி உட்காரும் பெஞ்சையும் குறிக்கும். எழுத்து ஓரளவு பிடிபட்டதும் ‘உன்’ (மற்றும்), ‘இஸ்’ (இருக்கிறது), ‘ஃபுன்’ (இருந்து, உடைய), ‘நிஷ்ட்’ (இல்லை) போன்ற சிறு சொற்களுக்கு வந்துவிடுங்கள். பொதுச் சொற்கள் எழுத்தைத்தான் கற்றுத்தரும். வாக்கியத்தைக் கோத்து நிற்பவை இச்சிறு சொற்களே. முதல் இரண்டிலும் அதே ஊமை அலெஃப் முன்னால் நிற்பதால் அவற்றை நீங்கள் இப்போதே படித்துவிடலாம்.