பெரியப்பாவின் ஈரலும் பாமாயிலும்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

பெரியப்பா (காலை 9:12): ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன். ஃபேட்டி லிவர், கிரேடு 1 என்கிறார்கள். ரேஷன் பாமாயில் இந்த வீட்டுப் படியேறி மூன்று வருஷம் ஆகிறது. நெய் கிடையாது, மஞ்சள் கரு கிடையாது. எங்கிருந்து வந்தது கொழுப்பு? ரிப்போர்ட் ஆள் மாறிவிட்டதோ?

மீனாட்சி அத்தை: வாயில் இருந்தது கீழே இறங்கியிருக்கும் அண்ணா

பாலாஜி: அத்தை!! ஹாஹா

பெரியப்பா: கயல், நீதானே செல் ஆராய்ச்சி எல்லாம் செய்கிறாய். சொல்லும்மா.

கயல்: உங்கள் பெயர்தான் இருக்கிறது பெரியப்பா. நேற்று ராத்திரி என்ன சாப்பாடு?

பெரியப்பா: கொஞ்சம் சோறு, ரசம். அப்பளம்கூடச் சுட்டதுதான்.

பெரியம்மா: கொஞ்சமா? மூன்று தடவை போட்டேன். அப்புறம் இரண்டு வாழைப்பழம், சர்க்கரை போட்டுப் பால்.

கயல்: அங்கேதான் விஷயம். ஈரல் கொழுப்பைத் தானே தயாரிக்கும். சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறினதும் இன்சுலின் சுரக்கும். ஈரல் செல்லுக்குள் எஸ்ஆர்இபிபி என்று ஒரு புரதம் சவ்வில் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். இன்சுலின் சேதி வந்ததும் அதை வெட்டி விடுவார்கள். வெட்டிய துண்டு உட்கருவுக்குள் போய், கொழுப்பு செய்கிற ஜீன்களை முடுக்கிவிடும். நடுவில் எம்டார் என்று ஒரு மேஸ்திரி. செல்லுக்குள் பழசைச் சிதைக்கிற லைசோசோம் என்ற பை மேல் உட்கார்ந்து, அமினோ அமிலம் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்லும்.

மீனாட்சி அத்தை: மோட்டாரா?

கயல்: எம்டார் அத்தை. ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ராபமைசின் என்ற மருந்து எதைப் போய்த் தடுக்கிறது என்று தேடினார்கள். 1991ல் ஈஸ்ட் செல்லில் மாட்டியது. நம் உடம்பிலும் அதே ஆள்.

கயல்: இதைக் கேளுங்கள் பெரியப்பா. ஈரல் இப்படிச் செய்து முடிக்கிற முக்கியமான சரக்கு பால்மிடிக் அமிலம், 16 கார்பன் சங்கிலி. பாமாயிலில் சுமார் 40 சதவீதம் அதுதான்.

மீனாட்சி அத்தை: ஆக, கடையில் வாங்காததை அண்ணன் உள்ளேயே செக்கு வைத்து ஆட்டுகிறார்

பெரியப்பா: சரி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேனே, எரியாதா?

கயல்: எரியும். ஆனால் செல் ரொம்பக் கெட்டி. கொழுப்பு கட்ட அது அறுக்கிற செங்கல் மாலோனைல் கோஏ. அது குவிந்திருக்கும்வரை, கொழுப்பை எரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் வாசலை அதுவே அடைத்து நிற்கும். ஒரு பக்கம் செய்து மறுபக்கம் எரிக்கிற வீண் வேலை கிடையாது. நடக்கும்போது செல்லில் ஆற்றல் குறையும், ஆற்றல் குறைவதைக் கண்காணிக்கிற ஏஎம்பிகே என்ற என்சைம் விழித்துக்கொள்ளும். சூளையை அது நிறுத்தினால்தான் வாசல் திறக்கும். நடந்துவிட்டு வந்து என்ன சாப்பிடுவீர்கள்?

பாலாஜி: வரும்போதே பார்க் வாசலில் பெரிய கிளாஸ் கரும்புச்சாறு. நானே பார்த்தேன்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கயல்: திறந்த வாசலைக் கையோடு சாத்திவிடுகிறீர்கள். கரும்புச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகும். குளுக்கோஸுக்கு வழியில் இருக்கிற முக்கியமான செக்போஸ்ட் அதற்குக் கிடையாது.

கயல்: பிரான்சில் வாத்து ஈரலைக் கொழுக்க வைக்க நெய்யா ஊட்டுகிறார்கள்? தொண்டையில் குழாய் விட்டு மக்காச்சோளத்தைத்தான் திணிக்கிறார்கள்.

பெரியப்பா: என்னை வாத்து என்கிறாய்.

பெரியம்மா: அதற்காவது திணிக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு ராத்திரி ஒரு கரண்டி சோறு, கீரை, சுண்டல். கரும்புச்சாறு கதையை வீட்டுக்கு வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா: அப்படியென்றால் தப்பு எண்ணெய் மேல் இல்லை. சாயங்காலம் இரண்டு பஜ்ஜி சாப்பிடலாம்தானே?

கயல்: நான் அப்படிச் சொல்லவே இல்லை பெரியப்பா!!