சாலைத்தகுதியா, ஓடுதகவா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், பழைய கார் வாங்குவோருக்கான கையேடு ஒன்று நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. சட்டப்படி சாலையில் ஓட்டத் தக்க நிலை என்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'சாலைத்தகுதி' என்று எழுதிவைத்திருக்கிறேன். பொருந்துமா?

தமிழாசிரியர்:
பொருந்தாது. ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் சாலையினது தகுதி. குண்டும் குழியுமான சாலையைக் குறிக்கும் சொல்லாகிவிடும். 'ஓடுதகவு' என்க. வினைத்தொகை, முக்காலமும் அதனுள் அடங்கும். மேலும், தகவு என்பதற்கு நடுவுநிலைமை என்றும் பொருள். "தக்கார் தகவிலர்" என்னும் குறள் அந்த அதிகாரத்தில்தானே இருக்கிறது? வண்டியைச் சோதிப்பவருக்கும் அது வேண்டும்.

பொறியாளர்:
ஐயா, முக்காலமும் அடங்குவதுதான் சிக்கல். வண்டியைச் சோதித்துத் தரும் சான்றிதழ், சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். பல நாடுகளில் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அடுத்த மாதமே அதற்குக் கீழே தேய்ந்துவிட்டால், சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்திலும் அந்தக் காரை ஓட்டக்கூடாது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை, அடிச்சட்டத்துத் துரு எல்லாம் அப்படியே. பழைய கார் வாங்குபவர் ஏமாறும் இடம் இது: தாளைப் பார்க்கிறார், காரின் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. எனவே நிலைக்கு ஒரு சொல், தாளுக்கு ஒரு சொல் வேண்டும். பதிவும் காப்பீடும் வேறு. அவை ஒழுங்காக இருப்பதாலேயே பிரேக் பிடித்துவிடாது.

சட்ட மொழிபெயர்ப்பாளர்:
நிலைக்குச் சாலைத்தகுதி, தாளுக்குத் தகுதிச் சான்று. பேச்சில் எஃப்.சி. என்பவருக்கும் தகுதிச் சான்று விளங்கும். ஓடுதகவு என்றால் அகராதியைத் தேடுவார். கப்பலுக்குக் கடல்தகுதி, விமானத்துக்கு வான்தகுதி என்று வரிசையாகவும் அமையும். ஓடுதகவு கடலுக்கு உதவாதே?

தமிழாசிரியர்:
கப்பலும் ஓடும் அம்மா. கப்பலோட்டியவரை மறந்துவிட்டீர்களா? விமானத்துக்குப் பறதகவு. புழங்கப் புழங்கத்தான் எந்தச் சொல்லும் விளங்கும். பேருந்தும் அப்படி நிலைத்ததுதான்.

பொறியாளர்:
பேருந்து நிலைக்கக் காலம் இருந்தது. இந்தக் கையேட்டைப் படிப்பவர் உடனே பணம் கொடுத்துக் கார் வாங்கப் போகிறார்.

மொழிபெயர்ப்பாளர்:
மூவர் சாலைத்தகுதியை ஏற்பதால் அதையே அனுப்புகிறேன். சான்றிதழ் வேறு, சாலைத்தகுதி வேறு என்பதை முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை. என் வகுப்பில் ஓடுதகவு என்றே சொல்லிக்கொடுப்பேன்.